நாற்காலியை விட்டு எழுந்தவர்



அழைப்பிதழில் ‘மகாராஷ்டிரத்தின் முன்னாள் ஆளுநர் சி. சுப்பிரமணியம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தப்பில்லை. 1990 பிப்ரவரியிலிருந்து 1993 ஜனவரி வரை அவர் பம்பாய் ராஜ்பவனில் இருந்தார். ஆனால் பொள்ளாச்சியில் நின்றுகொண்டு அவரை அப்படி அறிமுகப்படுத்துவது, வீட்டைக் கட்டினவரைப் பார்த்து ‘கடைசியாக வெள்ளையடித்தவர் இவர்தான்’ என்று சொல்வது மாதிரி இருக்கிறது. இங்கே பெரியவர்கள் அவரை சி.எஸ். என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் அழைப்பிதழ் வரியை நான் தள்ளிவிடப் போவதில்லை. ஒருவர் எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் பதவியில் உட்கார்ந்தார் என்பதை யாரும் சொல்லிவிடலாம். சி.எஸ். விஷயத்தில் அவர் எழுந்த தேதிகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எழாமல் இருந்த ஒரு தேதியும் உண்டு. அதையும் சொல்வேன். சொந்த ஊரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

பிறப்பு 1910 ஜனவரி 30, செங்குட்டைப்பாளையம். அதே ஊரிலிருந்து போய்த் துறவியாகி, திருப்பராய்த்துறையில் தபோவனம் நிறுவிய சுவாமி சித்பவானந்தர் அவருக்கு உறவு. ஒரே குடும்பத்திலிருந்து ஒருவர் காவி கட்டினார், ஒருவர் கதர் கட்டினார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பிறகு சட்டம். கல்லூரி நாட்களில் பெரியசாமித் தூரன் முதலிய நண்பர்களோடு சேர்ந்து வனமலர்ச் சங்கம் என்று ஒன்றை வைத்து, ‘பித்தன்’ என்ற பத்திரிகையை நடத்தினார்கள். தூரனைத் தெரியுமல்லவா? தமிழில் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தவர். கொங்கு நாட்டு இளைஞர்கள் சிலர் பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கி, தங்களுக்குத் தாங்களே பித்தன் என்று பெயர் வைத்துக்கொண்ட காலம் அது. பிறகு சட்டமறுப்பு இயக்கத்தில் சிறை, 1942-இல் மறுபடியும் சிறை, 1946-இல் அரசியல் நிர்ணய சபை.

அந்தச் சபையை இப்போதைக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாநில ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, டெல்லி நியமிப்பதா என்ற கேள்வி 1949 மே மாதக் கடைசியில் அங்கேதான் முடிவானது. முதலில் தேர்தல் என்றிருந்தது. விவாதத்துக்குப் பின் நியமனம் என்று மாறியது. ஒரே மாநிலத்தில் மக்கள் வாக்குப் பெற்றவர் இரண்டு பேர் இருந்தால் மோதிக்கொள்வார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. நியமனமான ஆளுநர் மோதமாட்டார் என்று நம்பினார்கள், பாவம். அந்தச் சபையின் உறுப்பினர் ஒருவர் நாற்பத்தோரு வருடம் கழித்து நியமன ஆளுநராகவே போய் உட்காருவார் என்பதை அன்று யார் நினைத்திருக்கப் போகிறார்கள்.

1952-இல் ராஜாஜி அமைச்சரவையில் நிதி அமைச்சர். 1954-இல் ராஜாஜி விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி. ஒரு பக்கம் காமராஜர், எதிர்ப்பக்கம் சி.எஸ்.; சி.எஸ். பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜருக்கு 93 வாக்கு, சி.எஸ்.ஸுக்கு 41. தோற்றவரையும் அவர் பெயரை முன்மொழிந்தவரையும் காமராஜர் இரண்டு பேரையுமே அமைச்சராக்கினார். இதைக் காமராஜரின் பெருந்தன்மை என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். சரிதான். ஆனால் தோற்ற மறுநாள் ஜெயித்தவரிடம் போய் வேலை செய்வதற்கும் ஒரு மனசு வேண்டும். அதை யாரும் பேசுவதில்லை.

அந்த வேலையின் முதல் பாரமே கொஞ்சம் கசப்பானது. ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டம், குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்த திட்டம், அவரைக் கீழே இறக்கியதற்கு அதுதான் பெரிய காரணம். அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று 1954 மே மாதம் அறிவித்தவர் புதிய ஆட்சியின் கல்வி அமைச்சர் சி.எஸ். ராஜாஜியின் சீடர் என்று பெயர் வாங்கினவர் வாயாலேயே அந்த அறிவிப்பு வந்தது. பிறகு மதிய உணவுத் திட்டம் விரிந்ததும், ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்ததும், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர்க்காரர்களே பெஞ்சும் மணியும் வாங்கித் தந்ததும் அவர் கல்வி அமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில்தான். நிதியும் கல்வியும் ஒரே அமைச்சர் கையில் இருந்தது அந்தக் காலத்தின் அதிர்ஷ்டம். கல்வி அமைச்சர் கேட்கிற காசை நிதி அமைச்சர் மறுக்க முடியாதே!

1962-இல் நம் பொள்ளாச்சி அவரை மக்களவைக்கு அனுப்பியது. நேரு அவரிடம் உருக்குத் துறையைக் கொடுத்தார். நேரு மறைந்து 1964-இல் சாஸ்திரி பிரதமரானதும் உணவும் விவசாயமும் இவர் தலையில் வந்து விழுந்தன. உருக்கிலிருந்து உணவுக்கு மாறுவது அன்றைய டெல்லிக் கணக்கில் பதவி இறக்கம். உணவுத் துறைக்குப் போகிறவர் அரசியலில் மீண்டதில்லை என்ற பேச்சு இருந்தது.

இதில் சற்று நிற்கிறேன். பின்வரிசையில் இருக்கிற மாணவர்களுக்கு அந்தக் காலம் தெரியாது. எனக்கு அப்போது பத்து வயது. ரேஷன் கடையில் அரிசி கிடைக்காத வாரம் மைலோ போடுவார்கள். அமெரிக்கச் செஞ்சோளம். அம்மா அதை ஊறவைத்து, இடித்து, என்னென்னவோ செய்து பார்ப்பார். பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் அமெரிக்கா ரூபாய்க்குத் தானியம் விற்றது. 1965, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்தது. கப்பல் துறைமுகத்தைத் தொட்டால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை. வியட்நாம் போரைப் பற்றி டெல்லி ஏதாவது சொன்னால் அமெரிக்க அதிபர் ஜான்சன் அடுத்த கப்பலைத் தாமதப்படுத்துவார். திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார்.

சி.எஸ். பிடித்த வழி இரண்டு முனை கொண்டது. ஒன்று விலை, இன்னொன்று விதை.

விலையை முதலில் பார்ப்போம். விளைச்சல் நன்றாக இருந்தால் விலை விழுந்து விவசாயி நஷ்டப்படுகிறான் என்பதை இங்கே இருக்கிற தேங்காய்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிச்சயமான விலை ஒன்று இல்லாவிட்டால் அவன் உரத்தில் காசு போடமாட்டான். அதற்காக 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் வந்தது. சொன்ன விலைக்கு வாங்க ஒரு கை வேண்டுமே, அதற்காக இந்திய உணவுக் கழகம். அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. நாள் 1965 ஜனவரி 14, பொங்கல். நெல்லுக்கு அரசாங்கம் விலை சொல்லும் ஏற்பாட்டைத் தஞ்சையில் பொங்கலன்று தொடங்க வேண்டும் என்று ஒரு தமிழருக்குத்தான் தோன்றும்.

அந்தப் பொங்கலுக்குப் பன்னிரண்டாவது நாள் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி. கோடம்பாக்கம் சிவலிங்கம் தீக்குளித்தார். மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதன். சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். மாநிலம் முழுவதும் கல்லூரி வாசல்கள் தெருவுக்கு வந்துவிட்டன. சென்னையில் காங்கிரஸ் ஆட்சி, பக்தவத்சலம் முதல்வர். டெல்லி அமைச்சரவையில் சி.எஸ்.ஸும் ஓ.வி. அளகேசனும்.

பிப்ரவரி 11 அன்று இரண்டு பேரும் ராஜினாமா கொடுத்தார்கள். அதே இரவு சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்புகிற வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழியைக் காப்பேன் என்றார். ராஜினாமாக்கள் ஏற்கப்படவில்லை. ஏற்க வேண்டாம் என்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் தடுத்தார் என்பார்கள். இரண்டு பேரும் திரும்பப் போய் உட்கார்ந்தார்கள். நாடகம் என்று சொன்னவர்கள் அன்றே உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மந்திரி ஒருவர் எழுந்து நின்ற அன்றே பிரதமர் வானொலிக்கு வந்தார் என்றால் அந்த எழுந்து நிற்றலுக்கு எடை இருந்திருக்கிறது.

ஆனால் மறுநாள் பிப்ரவரி 12. பொள்ளாச்சி. இந்த ஊருக்கு அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசாங்கக் கணக்கு ஒன்று, ஊர்க் கணக்கு வேறு. தன் மொழிக்காக முதல்நாள் பதவியைத் துறந்தவரின் சொந்தத் தொகுதியில், அடுத்த நாள், அதே மொழிக்காகத் தெருவுக்கு வந்தவர்கள்மேல் குண்டு பாய்ந்தது. சி.எஸ்.ஸின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் கோதுமைக்குப் பத்து அத்தியாயம் ஒதுக்குகிறார்கள். இந்த இரண்டு நாளுக்கு இரண்டு பத்திதான்.

சரி, கோதுமைக்கு வருகிறேன். நம் பழைய கோதுமை நெடிதாக வளரும். உரம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் உரம் போட்ட காசும் போகும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகம் தண்டு உறுதியானது, உரத்தைத் தின்று கதிரில் காட்டும். டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் அதைச் சோதித்து, விவசாயிகளின் வயலிலேயே திடல் போட்டுக் காட்ட வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். கேட்கத் தயாராக ஒரு மந்திரி கிடைத்தார். அவரும் கும்பகோணத்துக்காரர், இவரும் பொள்ளாச்சிக்காரர், பயிரோ பஞ்சாப் பயிர். இரண்டு பேருமே கோதுமை விளையாத சீமையில் பிறந்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

எதிர்ப்பு லேசானதல்ல. அந்நியச் செலாவணி இல்லை என்றார் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. திட்டக் குழுவுக்குச் சந்தேகம். இடதுசாரிகள், அமெரிக்காவிடம் விவசாயத்தை அடகு வைக்கிறார் என்றார்கள். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தது. சி.எஸ். வாதாடிய நேரம் வாதாடிவிட்டு, டெல்லியில் தன் அரசு வீட்டு முன்புறப் புல்தரையை உழச் சொல்லிக் கோதுமை விதைத்தார். இது விளம்பரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் படித்தவருக்குள் இருந்த விவசாயி, ‘நட்டுக் காட்டினால்தான் நம்புவான்’ என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்.

வெளியே தெரியாத இன்னொரு வேலை செய்தார். விவசாய ஆராய்ச்சிக் குழுவின் தலைமையில் அதுவரை அதிகாரிகள்தான் உட்கார்ந்தார்கள். 1965-இல் அங்கே பி.பி. பால் என்ற விஞ்ஞானியைக் கொண்டுவந்தார். துறைச் செயலாளராக பி. சிவராமன். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை கப்பலேறியது. அதுவரை உலகத்தில் அத்தனை விதையை ஒரே தடவையில் எந்த நாடும் வாங்கியதில்லை. அந்தக் கோதுமை சிவப்பு. வடக்கே வெளுத்த சப்பாத்திதான் இறங்கும். ஆகவே நம் விஞ்ஞானிகள் அதிலிருந்து பொறுக்கி எடுத்துக் கல்யாண் சோனா, சோனாலிகா என்ற ரகங்களைத் தந்தார்கள். 1964-65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 1.65 கோடி டன்னைத் தொட்டது. வடக்கே தானியத்தை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களில் மூட்டை அடுக்கினார்கள். ‘கோதுமைப் புரட்சி’ என்று இந்திரா காந்தி 1968-இல் தபால்தலை வெளியிட்டார்.

அந்தத் தபால்தலை வந்தபோது சி.எஸ். மந்திரி இல்லை. எம்.பி.கூட இல்லை. 1967 பிப்ரவரித் தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றுவிட்டார். இந்தி, அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி, ரூபாய்க்கு மூன்று படி என்ற தி.மு.க.வின் வாக்குறுதி. விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல். நாட்டுக்குச் சோறு போட வழி செய்த மந்திரியை, சோறு கிடைக்காத கோபத்தில் அவருடைய ஜனங்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். விதைத்தவர் போய்விட்டார், ஓராண்டு கழித்து அறுவடை வந்தது. வாக்காளர்களைக் குறை சொல்ல முடியுமா? மைலோ சாப்பிட்டவன் ஒரு வருடம் கழித்து வரப்போகிற கோதுமைக்காக ஓட்டுப் போடுவானா?

பசுமைப் புரட்சியைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் சரியில்லை. பஞ்சாபின் நிலத்தடி நீர் இன்று எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தண்ணீரும் நிலமும் உள்ளவனுக்கு முதலில் லாபம், கூலிக்காரனுக்குக் கடைசியில். கீழத்தஞ்சையில் புது நெல் வந்து விளைச்சல் கூடியபோது, கூலியைக் கூட்டிக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி, ஒரு குடிசைக்குள் 44 உயிர். அதை சி.எஸ். கணக்கில் எழுதுவது அநியாயம். ஆனால் புரட்சி என்று பெயர் வைத்தவர்கள் அதைக் கணக்கிலேயே எழுதாமல் விட்டதும் நியாயமில்லை.

1969-ஐ வேகமாகத் தாண்டுகிறேன். காங்கிரஸ் உடைந்தது. காமராஜர் ஒரு பக்கம், சி.எஸ். இந்திரா பக்கம். நவம்பரில் இந்திரா காங்கிரசின் தற்காலிகத் தலைவர் இவர்தான், டிசம்பரில் ஜகஜீவன்ராம் வரும்வரை. 1954-இல் 93-க்கு 41 என்று எதிரெதிரே நின்றவர்கள் பதினைந்து வருடம் கழித்து மறுபடியும் எதிரெதிரே. இந்த முறை டெல்லிக் கணக்கில் ஜெயித்தவர் சி.எஸ்.

எழாத தேதி என்று சொன்னேனல்லவா. 1975 ஜூன் 25. நெருக்கடி நிலை. சி.எஸ். நிதி அமைச்சர். விலைவாசியைக் கட்டுப்படுத்தினார், கிராம வங்கிகளைத் தொடங்கினார், 1975 அக்டோபர் 2-இல் முதல் கிராம வங்கிகள் திறந்தன. நல்ல வேலைதான். ஆனால் தமிழுக்காக 1965-இல் ஒரே நாளில் ராஜினாமா எழுதினவர், ஜெயப்பிரகாஷ் நாராயண் சிறையில் இருந்தபோது, பத்திரிகைகளைத் தணிக்கை செய்தபோது, 1977 மார்ச் வரை நாற்காலியில் இருந்தார். அவரைப் பிடித்தவர்கள் இதற்குப் பல சமாதானம் சொல்கிறார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். சமாதானம் ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. பிற்பாடு இந்திராவை விட்டு விலகினார். 1979-இல் சரண்சிங்கின் குறுகிய ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சர். அது நாடாளுமன்றத்தையே சந்திக்காத ஆட்சி. 1980-க்குப் பிறகு தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கிவிட்டார்.

இப்போது அழைப்பிதழுக்கு வந்துவிட்டோம். 1990 பிப்ரவரியில் வி.பி. சிங் அரசு அவரை மகாராஷ்டிரத்துக்கு அனுப்பியது. வயது எண்பது. பம்பாய் ராஜ்பவன் மலபார் ஹில் முனையில், மூன்று பக்கமும் கடல். அங்கே போய் ஓய்வெடுத்த ஆளுநர்கள் உண்டு. அங்கிருந்தே ஆட்சி நடத்தப் பார்த்தவர்களும் உண்டு. மாநிலத்தில் சரத் பவாரின் காங்கிரஸ் ஆட்சி, டெல்லியில் காங்கிரசை வீழ்த்தியவர்களின் ஆட்சி. வம்பு செய்ய நினைக்கிற ஆளுநருக்கு இதைவிட நல்ல காலம் வராது. மாநில ஆட்சியைக் கலைக்கச் சொல்லி அறிக்கை அனுப்பியவர்கள் வரிசையில் இவர் பெயர் இல்லை.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. 1991 ஜனவரி 30. சி.எஸ்.ஸுக்கு அன்று 81 வயது நிறைந்தது. அதே நாள் தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. அறிக்கை தர ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்துவிட்டார். அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். பர்னாலாவை பீகாருக்கு மாற்றினார்கள், அவர் போகாமல் பதவியை விட்டார். ஆளுநர் என்றால் டெல்லியின் ஆள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இப்படியும் ஓரிருவர் இருந்தார்கள்.

சி.எஸ். விலகிய கதை வேறு மாதிரி. 1992 டிசம்பர் 6, அயோத்தி. பம்பாய் எரிந்தது. ஜனவரி முதல் வாரம் மறுபடியும் பற்றிக்கொண்டது. அந்த நேரத்தில், பிரதமர் நரசிம்ம ராவ் செயல்படும் விதத்தைப் பற்றி அவர் குறையாகச் சொன்னது பத்திரிகையில் வந்துவிட்டது. இன்று ஆளுநர் மாளிகைகளிலிருந்து தினம் ஒரு பேட்டி வருகிறது. அன்று அது பெரிய பிழை. நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்திருக்கலாம். நிருபர் திரித்துவிட்டார் என்ற வழக்கமான வார்த்தையும் கைவசம் இருந்தது. அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். 1993 ஜனவரி 9-இல் வெளியேறினார்.

ஊர் எரிகிறபோது ஆளுநர் போகலாமா என்று அன்றே கேட்டிருப்பார்கள். ஆளுநர் கையில் போலீஸ் இல்லை, அது முதல்வர் சுதாகர்ராவ் நாயக்கின் கையில். இருந்திருந்தால் ஒரு தெருவைக்கூட அவரால் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனாலும் ராஜ்பவன் காரில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். பதவிப் பிரமாணத்தில் ஆளுநர் சொல்லும் கடைசி வார்த்தை அந்த மாநில மக்களின் சேவையும் நலமும்.

அதற்குப் பிறகு 1998-இல் பாரத ரத்னா. அதே வருடம் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும். தொண்ணூறாவது வயதில், 2000-இல், விவசாயிகளுக்காகத் தேசிய வேளாண் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். நவம்பர் 7-இல் காலமானார்.

கடைசியாக ஒன்று. இங்கே வருகிற வழியில் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் பார்த்தேன், பையில் வைத்திருக்கிறேன். 2010-இல் அவருடைய நூற்றாண்டுக்கு வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயம். ஒரு பக்கம் சி.எஸ்.ஸின் முகம். சுற்றிலும் பெயர் இந்தியில், ஆங்கிலத்தில். அதற்கு முந்தைய வருடம் வந்த அண்ணா நாணயத்தில் அவருடைய கையெழுத்துத் தமிழில் இருந்தது. இதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. முன்வரிசையிலிருந்து ஆரம்பித்துக் கைமாற்றிப் பாருங்கள். யாரும் செலவு செய்துவிடாதீர்கள், எனக்குத் திரும்ப வேண்டும்.